ஆறாம் வகுப்பின் சாப்பாட்டு நோட்டு

இரண்டாவது வாரத்து நோட்டுகளில் ஏழெட்டைப் புரட்டியதுமே ஏதோ சரியில்லை என்று பட்டது. வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். முப்பத்தொரு பேரும் முந்தின நாள் கீரை சாப்பிட்டிருந்தார்கள்.

முதல் வாரம் அப்படி இல்லை. டீ, வர்க்கி, பரோட்டா, பாக்கெட் சிப்ஸ், பஜ்ஜி, மறுபடியும் டீ என்று உள்ளதை உள்ளபடி எழுதிக் கொண்டுவந்தார்கள். ஒரு பையன் மூன்று நாள் தொடர்ந்து இரவுக்குப் பரோட்டா என்று எழுதி, மூன்றாவது நாள் பக்கத்தில் ஒரு பரோட்டாவை வரைந்தும் வைத்திருந்தான். அதே பையன் இப்போது முருங்கைக்கீரைப் பொரியல், பாசிப்பருப்பு, ஒரு கொய்யாப்பழம் என்று எழுதியிருந்தான். முருங்கைக்கு எந்த 'ரு' என்று தெரியாமல் இரண்டு முறை அடித்து எழுதியிருந்தது மட்டும்தான் அவனுடையது போலிருந்தது.

நான் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியல் எடுக்கிறேன். திருச்செங்கோட்டுக்கும் குமாரபாளையத்துக்கும் நடுவில், எந்தத் தெருவில் நின்றாலும் தறிச் சத்தம் கேட்கிற ஊர். அங்கே ஒரு நடுநிலைப் பள்ளி. நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் சேலத்துக்குக் கிழக்கே, அயோத்தியாப்பட்டணம் பக்கம். மாறுதலில் இங்கே வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. இந்தப் பக்கத்துப் பேச்சு எனக்கு அப்போதும் முழுதாகப் பிடிபடவில்லை. எதற்கெடுத்தாலும் ஒரு 'ங்க' போடுவார்கள். அது மரியாதையா, எட்ட நிறுத்துவதற்கான தந்திரமா என்று எனக்குள் ஒரு கேள்வி ஓடிக்கொண்டேயிருக்கும். இயல்பிலேயே நான் கொஞ்சம் சந்தேகக்காரி. கடைக்காரர் பாக்கியை இரண்டு கையாலும் கொடுத்தால்கூட ஏன் என்று யோசிப்பேன்.

உணவுப் பழக்கம் பற்றி ஒரு நாள் பயிற்சிக்கு என்னை அனுப்பியிருந்தார்கள். பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொன்னால் மறந்துவிடுவார்கள், தினமும் சாப்பிட்டதை எழுதச் சொன்னால் அவர்களுக்கே புரியும் என்று அங்கே சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. வந்த மறுநாளே ஆறாம் வகுப்பில் ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு போடச் சொன்னேன். காலை, மதியம், மாலை, இரவு என்று நான்கு கட்டம். நன்றாகச் சாப்பிட்டவர்களுக்கு ஒரு நட்சத்திர ஸ்டிக்கர். அந்த ஸ்டிக்கருக்காகத்தான் பொய் எழுதுகிறார்கள் என்று முதலில் நினைத்தேன். ஒரு வாரம் ஸ்டிக்கர் ஒட்டாமல் விட்டுப் பார்த்தேன். கீரை குறையவில்லை.

அப்படியானால் யாரோ ஒருத்தர் எழுதி, மற்றவர்கள் பார்த்து எழுதுகிறார்கள். அந்த ஒருத்தர் யார் என்று தேட ஆரம்பித்தேன்.

கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில் ஒரு பெண். ஒல்லியான உடம்பு, முத்து முத்தான கையெழுத்து. கேட்டால் ஒழியப் பேசமாட்டாள். அவளுடைய நோட்டில் மட்டும் கீரைப் பட்டியல் மற்றவர்களைப் போல இல்லை. காலை உணவுக் கட்டத்தில் திங்கட்கிழமை ரவா உப்புமா, செவ்வாய்க்கிழமை கிச்சடி, புதன்கிழமை பொங்கல், சாம்பார் என்று ஒழுங்காக எழுதியிருந்தாள். அடுத்த வாரமும் அதே திங்கள் உப்புமா, அதே புதன் பொங்கல். எந்த வீட்டில் கிழமை தவறாமல் இப்படிச் சமைப்பார்கள்? இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். மூன்றாம் நாள் கைகழுவப் போகும்போது கண்ணில் பட்டது. சமையலறைச் சுவரில், அரசாங்கத்தின் காலை உணவுப் பட்டியல். அவளுடைய நோட்டு அந்தச் சுவரின் நகல்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். பள்ளியில் காலையில் போடும் அந்தச் சாப்பாடு ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டால் மதியச் சத்துணவு மட்டும் உண்டு. ஆக, அந்தப் பெண் காலையில் பொங்கல் சாப்பிட்டேன் என்று எழுதுவது பொய்யாக இருக்கவேண்டும். இல்லையென்றால் அவள் சின்னப் பிள்ளைகளின் சாப்பாட்டில் கை வைக்கிறாள். எனக்கு இரண்டாவதுதான் உண்மை என்று தோன்றியது.

மறுநாள் வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டு அதற்கு முந்தின பஸ்ஸைப் பிடித்தேன். அவசரத்தில் வீட்டில் எதுவும் சாப்பிடவில்லை. எட்டேகாலுக்குப் பள்ளிக்குள் நுழைந்து, ஸ்டாஃப் ரூம் ஜன்னலோரம் உட்கார்ந்து நோட்டு திருத்துவது போல வைத்துக்கொண்டேன். வராந்தாவில் சின்ன வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சமையல் செய்யும் அக்கா கரண்டியோடு நடந்துகொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் வந்தாள். பையைத் தூணோரம் வைத்தாள். சமையல் அக்காவிடம் ஏதோ சொன்னாள். அவர் ஒரு தட்டில் உப்புமா போட்டுக் கொடுத்தார். அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, தட்டோடு கட்டடத்தின் பின்பக்கம் போனாள்.

எனக்கு உடம்பெல்லாம் ஒரு சுறுசுறுப்பு. கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷம் என்றே சொல்லவேண்டும். எழுந்து பின்பக்கம் போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை. பார்த்தது போதும் என்றிருந்தது.

அன்று மதியம் சமையல் அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"காலைச் சாப்பாடு எல்லாருக்கும் பத்துதாக்கா?"

"பத்துதுங்க. ஏனுங்க டீச்சர் கேக்கறீங்க?"

"இல்ல, பெரிய பிள்ளைங்க யாராவது வந்து வாங்கிச் சாப்பிடறாங்களான்னு."

அவர் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தார். "என்னையச் சந்தேகப்படறீங்களா?"

"உங்களச் சொல்லலக்கா. ஆறாம் வகுப்புப் பொண்ணு ஒண்ணு தட்டோட பின்னாடி போனதப் பாத்தேன். அதான் கேட்டேன்."

அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். விதிப்படி தட்டு வராந்தாவை விட்டுப் போகக்கூடாது. அந்தப் பயம் அவருக்கு. எனக்கு அது அப்போது தெரியவில்லை. தன் மேல் குற்றம் வரும் என்று நினைத்தவர் மறுநாள் காலையில், அத்தனை பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கும்போது, அந்தப் பெண்ணைப் பார்த்து, "இனிமே இந்தப் பக்கம் வராத. நீ உப்புமா எடுக்கறயின்னு உங்க டீச்சரே சொல்றாங்க" என்று சத்தமாகச் சொல்லிவிட்டார்.

பத்து மணிக்குள் வகுப்பு முழுவதும் பரவியிருந்தது. யாரோ கரும்பலகையின் மூலையில் சின்னதாக 'உப்புமா' என்று எழுதியிருந்தார்கள். நான் அழித்தேன். பின்னால் சிரிப்புச் சத்தம். அந்தப் பெண் மேசையில் தலையைக் கவிழ்த்து வைத்திருந்தாள். அதற்கு மறுநாள் பள்ளிக்கு வரவில்லை.

அவள் வரவில்லை. அவளுடைய அம்மா வந்தார்.

இரண்டாவது பாடவேளையில் வகுப்பு வாசலில் வந்து நின்றார். தறியிலிருந்து நேராக வந்திருப்பார் போல. தலைமுடியிலும் சேலையிலும் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு. சண்டை போட வந்தவர் மாதிரி இல்லை. குரல் தாழ்ந்திருந்தது.

"டீச்சருங்களா? கொஞ்சம் வெளிய வாரீங்களா?"

வராந்தாவுக்குப் போனேன்.

"எம் புள்ள உப்புமா திருடுச்சுன்னு சொன்னீங்களாமா."

"நான் அப்படிச் சொல்லலம்மா."

"பின்ன எப்படிச் சொன்னீங்க? அதையச் சொல்லுங்க, கேக்கறேன்."

எப்படிச் சொன்னேன்? சொன்ன வார்த்தைகளை மனதுக்குள் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்டதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தப்பித்துக்கொள்ளத்தான் அந்த நோட்டைப் போய் எடுத்து வந்தேன். பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன்.

"பாருங்க. காலையில என்ன சாப்பிட்டேன்னு இவளே எழுதியிருக்கா. அந்தச் சுவத்துல எழுதியிருக்கறதும் இதும் அப்படியே ஒண்ணாயிருக்கு."

அவர் நோட்டைப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை.

"நாந்தானுங்க எழுதச் சொன்னேன்."

"நீங்களா? எதுக்கு?"

"கவருமெண்டே எழுதிப் போட்ட சாப்பாடு. அதுல நீங்க குத்தம் கண்டுபிடிக்க முடியாதுல்லீங்க."

எனக்குப் புரியவில்லை. அவர் இடுப்பில் செருகியிருந்த சின்னப் பையிலிருந்து போனை எடுத்தார். எதையோ தேடி எடுத்து என் முகத்துக்கு நேராகக் காட்டினார். முதல் வாரத்து நோட்டுப் பக்கம் ஒன்றின் போட்டோ. அந்தப் பரோட்டாப் பையனுடையது. அவன் வரைந்த படமும் தெரிந்தது. கீழே 'நம் பிள்ளைகளின் உணவு இந்த நிலையில்! பெற்றோருக்கு விழிப்புணர்வு தேவை' என்று எழுதியிருந்தது.

"இந்த வெரலு உங்களுதுங்களா?" என்று கேட்டார்.

நோட்டுப் பக்கத்தைப் பிடித்திருந்த கட்டைவிரலும், அதன் பக்கத்து விரலிலிருந்த பச்சைக்கல் மோதிரமும் போட்டோவில் தெளிவாகத் தெரிந்தன. அவர் போனைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் போட்டோ நான் எடுத்ததுதான். எங்கள் ஆசிரியர்கள் குழுவில் போட்டிருந்தேன். பையன் பெயர் படத்தில் விழாதபடிதான் எடுத்தேன். கைதட்டும் எமோஜிகள் வந்து குவிந்தன. அன்று முழுவதும் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அங்கிருந்து அது எந்தெந்தக் குழுவுக்குப் போய், எப்படி இவர்கள் தறிப்பட்டறைக்கு வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது.

"அந்தப் பையனோட அம்மா எனக்குப் பக்கத்துத் தறிங்க. படத்தப் பாத்ததும் அவ மகன் கையெழுத்து அவளுக்குத் தெரியாதுங்களா? பட்டறையில எல்லாரும் பாத்துட்டாங்க. சிரிச்சாங்க. மூணு நாள் அவ யாரு மூஞ்சியவும் பாக்கல." அவர் போனைப் பைக்குள் வைத்தார். "அப்பறம் ஒருத்தி சொல்றா, எழுதறதையெல்லாம் மேல அனுப்பறாங்க, சரியாச் சோறு போடாத ஊட்டுப் புள்ளைகளக் கொண்டுபோயி ஹாஸ்டல்ல சேத்துருவாங்கன்னு. இன்னொருத்தி, இல்லீல்ல, ரேசன் கார்டுல கை வெக்கப் போறாங்கன்னா. அவங்கவங்க ஊட்ல அவங்கவங்க புள்ளைகிட்ட நல்லதா எழுதுன்னு சொல்லிப்போட்டோம்."

"நீங்க அதையெல்லாம் நம்பினீங்களா?"

"நம்பலீங்க. ஆனா நமக்கு எதுக்குங்க வம்பு?"

முப்பத்தொரு வீட்டில் கீரை வந்த கதை இதுதான். யார் யாரைப் பார்த்து எழுதுகிறார்கள் என்று நான் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், ஊரே என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

"நல்லதுக்குத்தாம்மா பண்ணேன்" என்றேன். சொல்லும்போதே அது எனக்கே பிடிக்கவில்லை.

"நல்லதுன்னா எங்களையும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுங்களே."

தட்டைப் பற்றியும் அவரே சொன்னார். அவர்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டுக் குழந்தை ஒன்று அந்த வருடம்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்தது. கூட்டத்தில் உட்காரவைத்தால் அழும், வாயைத் திறக்காது. கட்டடத்துக்குப் பின்னால் குழாயடியில் அதை உட்காரவைத்துவிட்டு வந்து, தட்டு வாங்கிப்போய் இவள்தான் தினமும் ஊட்டிவிடுவாளாம். "ரெண்டு நாளா அந்தப் புள்ள காலைல ஒண்ணும் திங்கலீங்க. அதுக்கும் நீங்கதான் பதில் சொல்லோணும்."

ஊட்டும்போது அவள் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாளா? அந்த நேரத்திலும் அந்தக் கேள்வி எனக்குள் எழுந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. போட்டுக்கொண்டிருந்தால்தான் என்ன என்று அடுத்த நொடியே தோன்றியது. அதைப் பிறகு நான் யாரிடமும் கேட்கவில்லை.

"அவ உண்மையில காலையில என்ன சாப்பிடறா?" என்று கேட்டேன்.

அவர் என் கையிலிருந்த நோட்டையும் போனையும் பார்த்தார். "எழுதிக்குவீங்களா?"

"மாட்டேன்."

"கையில இருக்கற போனக் கொண்டுபோயி மேசைல வெச்சுட்டு வாங்க."

வைத்துவிட்டு வந்தேன்.

ஆறு மணி ஷிப்டுக்கு அவர் ஐந்தே முக்காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பவேண்டும். கணவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வெளி மாநிலம் போயிருந்தார். வந்தால் ஒரு மாதம் இருப்பார். அந்தப் பெண் தானே எழுந்து, தானே டீ போட்டு, இரண்டு வர்க்கியைத் தொட்டுத் தின்றுவிட்டு வருவாள். ஐந்தாம் வகுப்பு வரைக்கும் பள்ளியிலேயே சூடாகக் கிடைத்துவிடும் என்பதால் அவருக்குக் கவலையில்லாமல் இருந்தது.

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. அஞ்சாங் கிளாஸ் வரைக்கும் பசிக்கும், ஆறாங் கிளாஸ் போனாப் பசிக்காதுங்களா?"

நான் புரதத்தையும் வைட்டமின்களையும் பற்றி இருபது வருடம் பாடம் எடுத்தவள்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை அசைத்து மறுத்தார். "எங்கிட்டக் கேட்டு என்னங்க ஆகுது? அத்தன பேரு முன்னால சொன்னாங்க. அத்தன பேரு முன்னால நீங்க சொல்லுங்க. அப்பத்தான் அவ ஸ்கூலுக்கு வருவா."

மறுநாள் காலை மறுபடியும் அந்த முந்தின பஸ். வராந்தாவில் பிள்ளைகள் சாப்பிட உட்கார்ந்ததும் நான் நடுவில் போய் நின்றேன். அந்தப் பெண் தூணோரம் நின்றிருந்தாள். வெளியே கேட்டுக்கு அந்தப் பக்கம் அவளுடைய அம்மாவின் தலை தெரிந்தது. ஷிப்டுக்குப் போகாமல் நின்றிருந்தார், நான் சொல்கிறேனா இல்லையா என்று பார்ப்பதற்கு. "தூண்கிட்ட நிக்கற இந்த அக்கா எதையும் எடுக்கல. நான்தான் சரியாப் பாக்காம தப்பாப் பேசிட்டேன். அது என் தப்பு" என்றேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாயில் கிச்சடியோடு என்னைப் பார்த்தார்கள். சமையல் அக்கா கரண்டியைப் பிடித்தபடி, இதில் தனக்கு ஏதாவது வருமோ என்று என்னையே கவனித்துக்கொண்டிருந்தார். அந்தச் சின்னக் குழந்தைக்குப் பின்பக்கம் தட்டு போவதற்குத் தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கிவிட்டேன் என்று அவரிடம் தனியாகச் சொன்னேன். "எழுத்துல வாங்கினீங்களா?" என்று கேட்டார். மதியம் எழுத்தில் வாங்கிக் கொடுத்தேன்.

அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. ஆனால் வகுப்புக்கு வந்தாள்.

குழுவில் போட்ட போட்டோவை அழித்தேன். அழித்து என்ன பயன், அது ஏற்கெனவே பல போன்களில் இருந்தது. அதைப் போட்டது தவறு என்று அதே குழுவில் எழுதினேன். அதற்கு யாரும் கைதட்டவில்லை. பரோட்டாப் பையனைத் தனியாகக் கூப்பிட்டு, உன்னைக் கேட்காமல் எடுத்துவிட்டேன் என்று சொன்னேன்.

"எங்கப்பா லாரில போயிட்டு வார அன்னைக்கி வாங்கிட்டு வருவாருங்க டீச்சர். எல்லாரும் ஒண்ணா உக்காந்து திம்போம். அது கெட்டதுங்களா?"

"தினமும்னா உடம்புக்கு ஆகாது. அப்பாகூட உக்காந்து சாப்பிடறது கெட்டதில்ல" என்றேன். அவன் என்னை நம்பின மாதிரி தெரியவில்லை.

நோட்டுகளையெல்லாம் அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக, அறிவியல் வகுப்பின் முதல் ஐந்து நிமிடம் பேச்சு. முதலில் நான் என்ன சாப்பிட்டேன் என்று நான் சொல்லவேண்டும் என்று விதி வைத்துக்கொண்டேன். முதல் நாள், "பஸ்ல ரெண்டு பிஸ்கட், அவ்வளவுதான்" என்றேன். வகுப்பு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. "டீச்சர் நம்மள சொல்ல வெக்கறதுக்குப் பொய் சொல்றாங்கடா" என்று ஒரு குரல் மெதுவாகக் கேட்டது. அவர்கள் என்னிடம் உண்மை பேச இரண்டு மாதம் ஆயிற்று.

அந்த இரண்டு மாதத்தில் ஒரு விஷயம் மட்டும் பேசினோம். அம்மா வீட்டில் இல்லாத காலையில், அடுப்புப் பற்றவைக்காமல் என்ன சாப்பிடலாம்? ராத்திரியே ஊறப்போட்ட நிலக்கடலை, மோர் ஊற்றின பழைய சோறு, வாழைப்பழம், முந்தின நாளே அவித்து வைத்த முட்டை என்று அவர்களே சொன்னார்கள். முட்டை ஊரெல்லாம் விளைகிற மாவட்டத்தில், அதைக் காலையில் தின்னலாம் என்று பலருக்குத் தோன்றியதில்லை. கடைப் பாக்கெட்டின் பின்பக்கம் எழுதியிருப்பதைப் படிக்கக் கற்றுக்கொடுத்தேன். அதில் மட்டும் அவர்களுக்கு என்னை மிஞ்சிய சந்தேகம். 'இயற்கைச் சுவை' என்று போட்டிருந்த பாக்கெட்டைக் கொண்டுவந்து, எது இயற்கை என்று ஒருத்தி என்னைக் குடைந்தெடுத்தாள்.

அந்தப் பெண் வெகுநாள் பேசவில்லை. கேட்டால், "சாப்பிட்டேனுங்க" என்பாள், அதற்கு மேல் வராது. ஒரு நாள் அவளாகவே எழுந்து நின்று, "பழைய சோறு, மோர், சின்ன வெங்காயம்" என்றாள். சொல்லிவிட்டு ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தாள், யாராவது சிரிக்கிறார்களா என்று. யாரும் சிரிக்கவில்லை. இன்னொரு நாள், "இன்னைக்கு ஒண்ணுமில்லீங்க. எந்திரிக்க நேரமாயிருச்சு" என்றாள். என் டிபன் பாக்ஸிலிருந்து இரண்டு இட்லியை எடுத்துக் கொடுத்தேன். வெளியே போய்த் தின்றுவிட்டு வந்தாள். அந்த 'ஒண்ணுமில்லீங்க' எனக்கு எந்த நட்சத்திர ஸ்டிக்கரையும்விடப் பெரிதாகத் தெரிந்தது. அவளுடைய அம்மா என்னை முழுதாக நம்பிவிட்டார் என்று சொல்லமாட்டேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், இன்றைக்கு டீச்சர் என்ன கேட்டாங்க என்று மகளிடம் தினமும் விசாரிப்பாராம்.

வருடக் கடைசியில் பெற்றோர் கூட்டம் நடந்தது. அந்த அம்மா பின்வரிசையிலிருந்து எழுந்தார். ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும் காலைச் சாப்பாடு வேண்டும் என்று கேட்டார். அது நம் கையில் இல்லை என்று தலைமையாசிரியர் சொன்னார்.

"தெரியுமுங்க. கேட்டோம்னு எழுதுங்க. எழுதினாத்தான மேல போகும்?"

தீர்மான நோட்டில் எழுதும் வேலை எனக்கு வந்தது. எழுதி முடித்ததும் அவரிடம் கையெழுத்துக்கு நீட்டினேன். வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். ஒவ்வொரு வரியின் மேலும் விரலை வைத்து முதலிலிருந்து கடைசிவரை படித்தார். பக்கத்தைத் திருப்பிப் பின்னால் ஏதாவது இருக்கிறதா என்றும் பார்த்தார். ஒன்றுமில்லை என்று உறுதியான பிறகுதான் பேனாவைக் கேட்டார்.